சொந்த அனுபவக் கட்டுரையில் ‘நான்’ வரவே மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

விருதுநகர்_பிளஸ்டூ:
அமெரிக்காவில் இளங்கலைக்கு விண்ணப்பிக்கிறேன். பல கல்லூரிகளுக்கும் சேர்த்து நிரப்புகிற காமன் ஆப் (Common App) என்ற பொது விண்ணப்பப் படிவத்தில் 650 வார்த்தைக்குள் சொந்த அனுபவத்தை எழுதணும். மூன்று வாரமாக எழுதி எழுதி அழிக்கிறேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று துணைத்தலைப்பு போட்டே பழகிய கை, உழைப்பின் பெருமை என்றுதான் ஆரம்பிக்கிறது. அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து காஜா எடுத்து, பட்டன் கட்டித் தருகிறேன், அதைத்தான் எழுதினேன். வாசித்த டீச்சர், "நல்லா இருக்கு, ஆனா இதுல நீ எங்கம்மா?" என்று கேட்டுவிட்டார்.

மனதில் நிற்பது வேறு. ஒன்பதாம் வகுப்பு, தீபாவளிக்கு முந்தைய ராத்திரி, அயர்ன் பாக்ஸின் சூட்டைக் குறைக்காமல் ஒருத்தருடைய நீல டெரிகாட்டன் சட்டையில் வைத்துவிட்டேன், பாக்கெட் சுருங்கி பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. அவர் வந்து கத்தியபோது அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்லை, "என் கை தவறிடுச்சு சார்" என்றார். நான் ஊசியைப் பிடித்தபடி வாயே திறக்கவில்லை. இதை எழுதினால் அப்பாவுக்கு அசிங்கமா? என்னைக் கோழை என்று நினைப்பார்களா?

பழைய_மாணவன்:
தங்கச்சி, கட்டுரை இதுதான். எனக்கும் இதே சிக்கல் இருந்தது, மாவட்ட அளவில் வாங்கிய பரிசுகளை எல்லாம் திணித்து 900 வார்த்தை எழுதினேன், 650க்கு மேல் போனால் அந்தப் படிவம் ஏற்காது. பரிசுக்கும் செயல்பாட்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது, செயல்பாடு மட்டுமே பத்து வரை போடலாம். தலைப்பைப் பற்றியும் கவலை வேண்டாம், அவர்கள் கொடுக்கிற ஏழு தலைப்பில் கடைசியாக இருப்பது நம் விருப்பத் தலைப்பு. அந்த ராத்திரியிலேயே ஆரம்பி.

இங்கிலீஷ்_டீச்சர்:
நான் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். அப்பாவைத் தெய்வமாக்கி எழுதிவிடாதே, பிள்ளைகள் நிறைய பேர் அங்கேதான் வழுக்குகிறார்கள், கட்டுரை முழுக்க அப்பாவே இருப்பார், விண்ணப்பிப்பது நீ. நீ வாய் திறக்காமல் நின்ற அந்த நேரத்தை விட்டு ஓடாதே. அப்புறம் என்ன செய்தாய், மறுநாள் கடைக்குப் போனாயா, அப்பாவிடம் அதைப் பற்றி எப்போதாவது பேசினாயா? அதை எழுது. கோழை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், மறைத்துப் பூசினால்தான் வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதோடு, இது அப்பாவின் கதையும்தான், அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடு.

விருதுநகர்_பிளஸ்டூ:
டீச்சர், நாங்கள் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. நேற்று கடை சாத்துகிற நேரத்தில் கேட்டேன், எழுதி வைத்திருந்ததைத் தமிழில் சொல்லியும் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "அது நீலம் இல்லம்மா, சாம்பல் கலரு" என்றார். பழைய அளவு நோட்டுகளைக் கிளறி ஒன்றை எடுத்து வந்தார். பெயருக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவு துணித்துண்டு, பின் குத்தினபடியே இருக்கிறது, சாம்பல்தான். அதே துணியை ராத்திரியோடு ராத்திரியாக வாங்கி வந்து, விடியற்காலையில் பாக்கெட்டை மாற்றிக் கொடுத்தாராம், நான் தூங்கிவிட்டேனாம். எழுதிக்கோ என்றார். இப்போது 410 வார்த்தை வந்திருக்கிறது.