சூப்பர்சார்ஜர் ஆட்டங்களுக்கு ஆடியோ சிடி போதுமா?

ஓசைத்தட்டு:
அடாரி 2600 என்ற பழைய வீடியோ கேம் கருவிக்கு சூப்பர்சார்ஜர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேசட்டையும் கைபேசியையும் விட்டுவிட்டு ஆடியோ சிடிக்கு வந்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. சூப்பர்சார்ஜர் என்பது 1982இல் ஸ்டார்பாத் நிறுவனம் கொண்டுவந்த, 2600இல் செருகும் நீளமான கார்ட்ரிட்ஜ். அதிலிருந்து ஒரு ஒயர் வெளியே வரும், நுனியில் 3.5 மி.மீ. பின். அதை டேப் ரெக்கார்டரின் இயர்ஃபோன் துளையில் செருக வேண்டும். ஆட்டம் ஓசையாக உள்ளே போகும். 2600இன் சொந்த நினைவகம் வெறும் 128 பைட். சூப்பர்சார்ஜர் அதோடு 6 கேபி ரேம் சேர்க்கிறது. ஓசையைக் கேட்டு பிட்டாக மாற்றும் நிரல் அதிலேயே 2 கேபி ரோமில், அதாவது அழியாத நினைவகத்தில் இருக்கிறது.

நான் செய்வது எளிமை. ஒவ்வோர் ஆட்டத்தையும் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக மாற்றி, ஆட்டத்துக்கு ஒரு ட்ராக் என்று சிடியில் ரைட் செய்கிறேன். ஏழாம் ட்ராக்கை அழுத்தினால் இரண்டு நொடி மௌனம், பிறகு அந்தக் கீச்சொலி, திரையில் பட்டைகள் நகர்கின்றன, ஆட்டம் தயார். ரீவைண்ட் கிடையாது, நாடா சிக்குவது கிடையாது. எத்தனை முறை போட்டாலும் அதே ஓசை, ஒரு சாம்பிள்கூட மாறாது. (சாம்பிள் என்றால் ஓசையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்களில் ஒன்று.)

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. 1996லேயே 'ஸ்டெல்லா கெட்ஸ் எ நியூ பிரெயின்' என்ற ஆடியோ சிடியில் சூப்பர்சார்ஜர் ஆட்டங்கள் ட்ராக்குகளாக வந்துவிட்டன. அதற்கும் முன்பு, 1989இல், கோட்மாஸ்டர்ஸ் 30 ஆட்டங்களை ஒரே ஆடியோ சிடியில் போட்டு வீட்டுக் கணினிகளுக்கு விற்றது. சிடி பிளேயரிலிருந்து ஜாய்ஸ்டிக் துளைக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான்.

பிட்காவலன்:
நண்பரே, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் அடிப்படையில் ஒரு தவறு இருக்கிறது. ஆடியோ சிடி தரவைக் காப்பதற்கு அமைந்த வடிவம் இல்லை.

தரவு சிடியில் ஒரு செக்டாருக்கு, அதாவது தட்டின் ஒரு சிறு துண்டுக்கு, 2,352 பைட் இடம். அதில் 2,048 பைட்தான் நம் கோப்பு. மிச்சத்தில் பெரும்பகுதி பிழையைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் போகிறது. ஆடியோ சிடியில் அந்த 2,352 பைட்டும் இசைக்கே. கீழே ஓர் அடுக்கு பிழைதிருத்தம் உண்டு, தடத்தின் வழியே 2.5 மி.மீ. அளவு கீறல் வரை அது சமாளிக்கும். அதற்கு மேல் போனால் பிளேயர் என்ன செய்கிறது தெரியுமா? முன்னும் பின்னும் உள்ள சாம்பிள்களைப் பார்த்து நடுவில் இருப்பதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. காதுக்கு அது பெரிய உதவி. நமக்கு அது விஷம்.

எனக்கே நடந்தது. ஒரு ட்ராக் ஹெட்ஃபோனில் கேட்டால் சுத்தமாக இருந்தது, ஒரு சிறு சொடக்குகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் லோட் நின்றுபோனது. கணினியில் எடுத்து மூல வேவ் கோப்போடு பக்கத்தில் பக்கம் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரிடத்தில் அலை கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். அங்கே ஒரு வழவழப்பான சரிவுக்கோடு மட்டும் இருந்தது. ஓர் அலை காணாமல் போனால் ஒரு பிட் போயிற்று. சூப்பர்சார்ஜர் 256 பைட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் செக்சம், அதாவது சரிபார்க்கும் கூட்டுத்தொகை, பார்க்கிறது. கூட்டல் தவறினால் தவறியதுதான். 'இன்னொரு முறை சொல்லு' என்று சிடியிடம் கேட்க அதற்கு வழியில்லை.

இன்னொரு கணக்கு. 6 கேபி ஆட்டம் பத்து நொடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிடியில் அது 17,64,000 பைட். உள்ளே இருக்கும் தரவைப்போல 287 மடங்கு. அத்தனை இடத்தை எடுத்துக்கொண்டும் பாதுகாப்பு கூடவில்லை. அதே ஆட்டம் எமுலேட்டருக்கான (பழைய கருவியைப் போலவே கணினியில் நடிக்கும் நிரலுக்கான) கோப்பாக 8,448 பைட்தான். அதை வைத்திருங்கள். ஓசை வேண்டும்போது அதிலிருந்து உருவாக்கிக்கொள்ளலாம்.

நாடாப்பிரியை:
இரண்டு பேரும் கேசட்டை ஓரம் கட்டிவிட்டீர்கள், அதனால் நான் பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் கருவி கேசட்டுக்காகவே பிறந்தது. தொடக்கத்தில் நீளமாக ஓர் ஒலி வருகிறதே, அதைக் கேட்டு வேகத்தைக் கணித்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்கிறது. டேப் ரெக்கார்டர்கள் ஒன்றுபோல ஓடாது என்று தெரிந்து செய்திருக்கிறார்கள். பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தால்கூட தாங்கிக்கொள்ளும்.

கேசட்டில் லோட் ஆகவில்லை என்றால் நான் செய்ய ஏதாவது இருக்கிறது. நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பேன். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன திருகை, ஓசையைக் கேட்டுக்கொண்டே கால் சுற்று திருப்புவேன். மந்தமாக இருந்த கீச்சொலி ஒரு புள்ளியில் பளிச்சென்று கூர்மையாகும். அங்கே நிறுத்தினால் லோட் ஆகிவிடும். என்னிடம் உள்ள பழைய அசல் கேசட்டுகள் எல்லாம் இன்றைக்கும் ஏறுகின்றன. வீட்டில் ரைட் செய்த சிடி-ஆர் அப்படியா? அதில் இருப்பது சாயம். வெயிலும் ஈரமும் பட்டால் மங்கும். மங்கிய சாயத்துக்குத் திருப்ப எந்தத் திருகும் இல்லை.

அப்புறம், ட்ராகன்ஸ்டாம்பர் மாதிரி பல பகுதி ஆட்டங்கள். நாட்டுப்புறம் முடிந்ததும் ஊர்ப் பகுதியை லோட் செய்யச் சொல்லும், ஊர் முடிந்ததும் குகை. கேசட்டை நிறுத்தின இடத்திலிருந்து அப்படியே ஓட்டினால் போதும். சிடியில் எந்த ட்ராக் என்று தேட வேண்டும்.

ஓசைத்தட்டு:
நாடாப்பிரியை, கடைசியில் சொன்னதற்கு மட்டும் முதலில் பதில். தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு லோடின் தலைப்பகுதியிலும் இது எந்தப் பகுதி என்று ஓர் அடையாள எண் இருக்கிறது. ஆட்டம் கேட்கும் எண் வரும்வரை சூப்பர்சார்ஜர் மற்றதை ஏற்காது. மூன்று பகுதியையும் அடுத்தடுத்த ட்ராக்காகப் போட்டு ஓடவிட்டாலே போதும். தவறான ட்ராக்கை அழுத்தினால் சில நொடிதான் வீண், ஆட்டம் கெடாது.

சிடி-ஆர் மங்கும் என்பது உண்மை. கேசட் பெல்ட் கூழாகிப் போவதும் உண்மை. மங்கினால் இன்னொரு தட்டு ரைட் செய்துகொள்வேன், அது அசலின் அச்சு அசல். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுத்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் ஏறுகிறதே.

பிட்காவலன், கீறல் விழுந்த தட்டை வைத்து எல்லாத் தட்டையும் எடைபோடாதீர்கள். 74 நிமிடம் இருக்கிறது, 99 ட்ராக் போடலாம். முக்கியமான ஆட்டத்தை இரண்டு முறை, தட்டின் உள்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்று என்று வைக்கிறேன். ஒரே கீறல் இரண்டையும் கெடுப்பது அரிது.

கார்ட்ரிட்ஜ்_வேலு:
மன்னிக்கவும், எனக்கு இந்த விவாதமே தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகத் தெரிகிறது. ஹார்மனி கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. எஸ்டி கார்டில் கோப்பைப் போட்டால் சூப்பர்சார்ஜர் ஆட்டமும் அதிலேயே ஓடுகிறது. கீறல் இல்லை, சாயம் இல்லை, திருகு இல்லை. ஆட்டம் ஆடத்தானே இத்தனையும்?

நாடாப்பிரியை:
வேலு, ஆட மட்டும்தான் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2600இன் கார்ட்ரிட்ஜ் துளையில் எழுதுவதற்கான கம்பியே கிடையாது, படிக்க மட்டும்தான் வழி. அப்படிப்பட்ட துளை வழியாக ரேமில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, எந்த முகவரியைப் படிக்கிறோமோ அந்த முகவரியின் கடைசிப் பகுதியையே எழுத வேண்டிய மதிப்பாக மாற்றியிருக்கிறார்கள். 1982இல்! அந்த வன்பொருள் உயிரோடு வேலை செய்வதைப் பார்க்கத்தான் நான் இதை வைத்திருக்கிறேன். எஸ்டி கார்டு அந்த இடத்தை நிரப்பாது.

பிட்காவலன்:
இதில் நாடாப்பிரியை பக்கம்தான் நானும். அசல் வன்பொருளை ஓட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தட்டை நம்பிக் கோப்பை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

புதுக்கை:
எல்லாருக்கும் வணக்கம். ஓசைத்தட்டு அண்ணா சொன்னபடி ஒரு சிடி ரைட் செய்தேன். கையடக்க சிடி பிளேயரில் போடுகிறேன். பட்டைகள் நகர ஆரம்பிக்கின்றன, பாதியில் நின்றுவிடுகிறது. தட்டு புத்தம் புதியது, ஒரு கீறல் இல்லை. கேசட்டில் அதே ஆட்டம் ஏறுகிறது, அதனால் சூப்பர்சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

ஓசைத்தட்டு:
முதலில் ஒலி அளவு. முக்கால்வாசிக்கு மேல் வையுங்கள். சில பிளேயர்களில் காதுக்குப் பாதுகாப்பாக ஒலியை ஓர் அளவோடு நிறுத்தும் பொத்தான் இருக்கும், அதை அணையுங்கள். பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எதுவும் கூடாது. லைன் அவுட்டில் செருகியிருந்தால் ஹெட்ஃபோன் துளைக்கு மாற்றிப் பாருங்கள், பல பிளேயர்களில் அங்கேதான் சத்தம் போதுமான அளவு வரும். வேவ் கோப்பிலிருந்து நேராக ரைட் செய்தீர்களா, நடுவில் எம்பி3 ஆக்கினீர்களா?

புதுக்கை:
நேராக வேவ்தான். ஒலி முழுவதும் ஏற்றிவிட்டேன், பாஸ் பூஸ்ட் இல்லை. இன்னும் அதே நிலைதான்.

பிட்காவலன்:
புதுக்கை, அந்தப் பிளேயரில் குலுங்கினாலும் பாட்டு நிற்காமல் இருப்பதற்கு ஒரு வசதி இருக்கிறதா? பக்கத்தில் சின்ன சுவிட்ச் இருக்கும். இருந்தால் அதை அணைத்துவிட்டு முயலுங்கள்.

காரணம் இதுதான். அந்த வசதி தட்டை முன்கூட்டியே படித்து ஒரு சிறு நினைவகத்தில் சேர்த்து வைக்கிறது. நினைவகம் சிறியது என்பதால் பல பிளேயர்கள் ஓசையைச் சுருக்கித்தான் அதில் வைக்கின்றன. வெளியே வருவது தட்டில் இருப்பது இல்லை, சுருக்கி விரித்த நகல். பாட்டில் வித்தியாசம் தெரியாது. அலையின் உச்சியும் பள்ளமும் கொஞ்சம் நகர்ந்தாலே சூப்பர்சார்ஜர் குழம்பிவிடலாம்.

புதுக்கை:
ஏறிவிட்டது! சுவிட்சை அணைத்ததும் முதல் முயற்சியிலேயே. மூன்று முறை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், மூன்றும் சரி. சுவிட்சை மறுபடி போட்டேன், நின்றுவிட்டது. ரொம்ப நன்றி.

பிட்காவலன்:
ஓசைத்தட்டு, 'ஒரு சாம்பிள்கூட மாறாது' என்று மேலே எழுதினீர்களே. தட்டில் மாறாதுதான். தட்டுக்கும் ஒயருக்கும் நடுவில் இத்தனை பேர் கை வைக்கிறார்கள். என் கவலை அதுதான்.

ஓசைத்தட்டு:
ஒத்துக்கொள்கிறேன். என் பிளேயர் மேசையில் வைக்கிற பெரிய வகை, அதனால் இந்தச் சிக்கலை நான் சந்தித்ததே இல்லை. முதல் பதிவில் சொன்னதைத் திருத்துகிறேன்: நல்ல பிளேயர், எதையும் சேர்க்காத பிளேயர் இருந்தால்தான் அந்தப் பேச்சு செல்லும். ஆனால் கைபேசி இதைவிட மோசம். ப்ளூடூத் வழியாகப் போனால் ஓசை கட்டாயம் சுருங்குகிறது. ஒயரில் போனாலும் அறிவிப்பு மணி நடுவில் ஒலித்தால் லோட் போச்சு. சிடி பிளேயருக்கு யாரும் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை.

நாடாப்பிரியை:
டேப் ரெக்கார்டருக்கும்தான் யாரும் அனுப்புவதில்லை.

பிட்காவலன்:
சரி, தட்டுதான் வேண்டும் என்றால் ஒரு வழி சொல்கிறேன். தட்டில் தனித்தனியாக எழுதி மூடும் பகுதிக்குச் செஷன் என்று பெயர். முதல் செஷனில் ஆடியோ ட்ராக்குகள், அதை மூடிவிட்டு இரண்டாம் செஷனில் தரவு. பாட்டு சிடியில் கூடவே படமும் வீடியோவும் வைத்து விற்றார்களே, அதே முறை. சாதாரண சிடி பிளேயர் முதல் செஷனை மட்டும் பார்க்கும், வழக்கம்போல ஓசை வரும். கணினியில் போட்டால் கோப்புகள் தெரியும்.

அந்த இரண்டாம் செஷனில் எமுலேட்டர் கோப்புகளைப் போடுங்கள். ட்ராகன்ஸ்டாம்பர் மூன்று லோடும் சேர்த்து 25,344 பைட்தான், தட்டில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. தரவு செஷன் என்பதால் முழுப் பிழைதிருத்தமும் கிடைக்கும். ஆடியோ ட்ராக் கெட்டாலும் அதே தட்டிலிருந்து கோப்பை எடுத்து ஓசையை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். இன்னொரு பிரதி வேறு இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஓசைத்தட்டு:
இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று இரவே ஒன்று ரைட் செய்து பார்க்கிறேன். மெதுவான வேகத்தில்தான் செய்வேன். மேசை பிளேயர், புதுக்கையிடம் இருப்பது போன்ற கையடக்க பிளேயர், இரண்டிலும் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

நாடாப்பிரியை:
செய்யுங்கள், முடிவைப் படிக்கக் காத்திருக்கிறேன். கோப்புகளைப் பத்திரமாக வைப்பது பற்றி எனக்கு மறுப்பே இல்லை. அதே கோப்பிலிருந்து வந்த ஓசையை நான் நல்ல நாடாவில் பதிவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுக்கை:
ட்ராகன்ஸ்டாம்பரில் நாட்டுப்புறம் முடிந்தது. அடுத்த ட்ராக்கை ஓடவிட்டேன், ஊருக்குள் வந்துவிட்டேன். சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும் என்று அதன் மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டேன்.