மாம்பழத் தோல் மாவு: ராகி பிஸ்கட் கசக்கிறது, மாவு கட்டி தட்டுகிறது

பர்கூர் மகளிர் குழு:
குப்பம் ரோட்டுக் கூழ் ஆலையில் பெங்களூரா மாம்பழத் தோல் தினம் 200 கிலோ கிடைக்கிறது. வெயிலில் காயவைத்து அரைத்து, ராகி பிஸ்கட்டில் மாவு எடைக்கு 15 சதம் போட்டோம். கசப்பு, துவர்ப்பு. மீதி மாவு பத்தே நாளில் கட்டியாகிவிட்டது. எங்கே தப்பு? லேபிளில் 'நார்ச்சத்து மிகுந்தது' என்று போடலாமா?

சல்லடை:
அக்கா, முதல்ல ஆலைத் தொட்டியைப் பாருங்கள். காம்பு வெட்டிய துண்டும் உடைந்த கொட்டையும் தோலோடு விழுகிறதா? காம்புப் பக்கத்துப் பாலும், கொட்டைப் பருப்பில் உள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருளும் கலந்தால் எந்தப் பக்குவமும் காப்பாற்றாது. தோலை மட்டும் தனி ட்ரேயில் கேட்டு வாங்குங்கள், வெட்டிய நாலைந்து மணி நேரத்துக்குள். அதைத் தாண்டினால் புளிப்பு வாடை வந்துவிடும்.

கழுவி, 90 டிகிரிக்கு மேல் உள்ள தண்ணீரில் 3 நிமிடம் முக்கி எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். தோலைக் கறுக்க வைக்கும் நொதி இதில் அடங்கும். ஒட்டியிருக்கும் சதைச் சர்க்கரையும் ஓரளவு போய்விடும். பிறகு டிரையரில் 55 முதல் 60 டிகிரியில் 10-12 மணி நேரம். அவசரத்துக்கு 75 வைத்தால் மேல்புறம் இறுகி உள்ளே ஈரம் நிற்கும். ஜூன் மழை மூட்டத்தில் வெயிலை நம்பினால் பூஞ்சைதான்.

நீங்கள் சொல்லும் 200 கிலோ, 96 தட்டு டிரையரில் ஒரே தடவையில் அடங்காது. தட்டுகளின் மொத்தப் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர்; சதுர மீட்டருக்கு 4 கிலோ கணக்கில் பரப்பினால் சுமார் 120 கிலோதான். காய்ந்த பிறகு 200 கிலோவுக்கு 35-40 கிலோ மாவு கிடைக்கும்.

வேப்பனப்பள்ளி:
கட்டி தட்டுவதற்குக் காரணம் அந்தச் சர்க்கரைதான், காற்றின் ஈரத்தை இழுக்கும். தோல் கையில் மடக்கினால் முறிய வேண்டும், வளையக் கூடாது. ஈரம் 8 சதத்துக்குக் கீழே. சூடாக அரைத்து சூடாகவே கட்டினால் பையின் உள்ளே வியர்க்கும். ஆறியதும் 60 மெஷ் (நுண்கண்) சல்லடையில் சலித்து, அலுமினிய ஃபாயில் பையில் அன்றே சீல். சாதா பாலிதீன் வேலைக்கு ஆகாது.

உலர்த்தி:
15 சதம் அதிகம், அக்கா. மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்) ஆய்வில் பிஸ்கட்டுக்கு 10 சதம் வரைதான் ருசி ஒத்துவந்தது, மக்ரோனிக்கு 5. ராகியே கொஞ்சம் துவர்க்கும், அதனால் 8-ல் நிறுத்துவது நல்லது: ராகி 400 கிராம், கோதுமை மாவு 520, தோல் மாவு 80. தோல் மாவு தண்ணீரை நிறைய இழுக்கும். பிசைந்து 20 நிமிடம் ஊறவிட்டே தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் வெடிக்கும்.

லேபிள்: 100 கிராமுக்கு 6 கிராம் நார் இருந்தால் 'மிகுந்தது', 3 இருந்தால் 'உள்ளது'. மேலே சொன்ன அளவில் 6 தாண்டும். ஆனால் அதில் பெரும்பங்கு ராகியும் முழுக்கோதுமையும் தருவது. 80 கிராம் தோல் மாவில் சுமார் 40 கிராம்தான் நார். கணக்கை நம்பி அச்சடிக்காதீர்கள், ஆய்வகச் சோதனை எடுத்த பிறகு போடுங்கள்.

பர்கூர் மகளிர் குழு:
பொரி மாதிரி உப்பிய காலை உணவு செய்யலாமா? பழத்தைக் கார்பைட் கல்லில் பழுக்க வைத்திருப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது.

உலர்த்தி:
செய்யலாம். மாவைச் சூட்டோடு அழுத்தித் துளை வழியே தள்ளி உப்ப வைக்கும் எக்ஸ்ட்ரூடர் மெஷினில் அரிசி நொய்யும் ராகியும் அடிப்படை, தோல் மாவு 5 சதம், ஈரம் 14-16 சதம். தோல் மாவு கூடினால் நார் குமிழிச் சுவரைக் கிழித்துவிடும், உப்பாமல் கடினமாக வரும். கரடுமுரடாக அரைத்தால் டையும் (மாவு வெளிவரும் துளைத் தட்டு) அடைக்கும். சொந்தமாக மெஷின் வாங்காமல் கூலிக்கு ஓட்டிப் பாருங்கள்.

கார்பைட் தடை செய்யப்பட்டது. பழுக்க வைக்க எத்திலீன் வாயு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி. எதில் பழுக்க வைத்தார்கள் என்று ஆலையிடம் எழுத்தில் வாங்குங்கள். பூச்சிமருந்து தங்குவது தோலில்தான் அதிகம், கழுவினால் முழுவதும் போகாது. சீசன் தொடக்கத்திலும், தோட்டம் மாறும்போதும் ஒரு மாதிரியை எச்சச் சோதனைக்கு அனுப்புங்கள்; முடிவு வரும்வரை அந்த மாவைக் கலக்க வேண்டாம்.