முதலாம் ஆண்டு: பதினான்கு கிளப், ஒரு லைப்ரரி, எதில் தொடங்குவது?

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஈ.சி.ஈ. முதலாம் ஆண்டு. ஆரணிப் பக்கம் அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ் மீடியம் படித்துவிட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன், ஹாஸ்டல். கல்லூரி திறந்து நாலு வாரம் ஆகிறது.

இண்டக்ஷன் நடந்தபோது ஒரு நாள் முழுக்க ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு கிளப்பாக மேடையேற்றினார்கள். கோடிங், ரோபோட்டிக்ஸ், போட்டோகிராபி, நடனம், தமிழ் மன்றம், என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), ஒய்.ஆர்.சி. (இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம்), ரோட்டராக்ட், இன்னும் என்னென்னவோ. நான் எண்ணியது பதினான்கு. எல்லோரும் ஒரு க்யூ.ஆர். கோடு காட்டினார்கள், பக்கத்தில் இருந்தவள் ஸ்கேன் செய்தாள் என்று நானும் செய்தேன், இப்போது என் போனில் ஒன்பது வாட்ஸ்அப் குரூப், எதிலும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோடிங் கிளப்பில் மட்டும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். போனால் முதல் கேள்வியே "கிட்ஹப் ஐடி என்ன?". எழுதிய புரோகிராமைப் போட்டு வைக்கிற இணையதளமாம், அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தெரியாது என்றேன், சரி சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அவ்வளவுதான்.

லைப்ரரிக்கு ஒரு முறை போனேன். வாசலிலேயே பையோடு உள்ளே போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். பையை எங்கே வைப்பது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது, பின்னால் வேறு நாலைந்து பேர் நிற்கிறார்கள், திரும்பி வந்துவிட்டேன். அதற்கப்புறம் போகவே இல்லை.

அம்மா "படிக்கிற வேலையை மட்டும் பாரு" என்கிறார். சீனியர் அக்கா ஒருவர் "கிளப் இல்லாமல் ப்ளேஸ்மெண்ட் இல்லை" என்கிறார். எதில் சேர்வது, எதை விடுவது? சேராமலே இருந்தால் ஏதாவது நஷ்டமா?

---

கடைசி_பெஞ்ச்_2022 எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்தப் பை விஷயத்தை முடிப்போம். எல்லாக் கல்லூரி லைப்ரரி வாசலிலும் ஒரு இரும்பு ரேக் இருக்கும், பையை அதில் போட்டுவிட்டு ஐடி கார்டு, பர்ஸ், போன், ஒரு நோட்டு, பேனா மட்டும் எடுத்துக்கொண்டு ரெஜிஸ்டரில் கையெழுத்து போட்டுவிட்டு உள்ளே போகலாம். நான் முதல் செமஸ்டர் முழுக்க உன்னை மாதிரியேதான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன், காரணம் அதைவிடக் கேவலம்: லைப்ரரி கார்டுக்கு ஒட்டும் போட்டோவில் என் முகம் நன்றாக இல்லை.

அந்த செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்தேன். புத்தகம் அறுநூறு எழுநூறு ரூபாய், வாங்கவில்லை, ஜெராக்ஸ் கடையில் விற்கிற கோனார் நோட்ஸ் மாதிரி ஒன்றை வைத்து ஓட்டினேன். இரண்டாவது செமஸ்டரில் அரியர் எழுதுவதற்காக முதல் தடவை உள்ளே போனபோது அதே புத்தகம் ஒரு அலமாரி முழுக்க வரிசையாக நிற்கிறது. முதுகில் நம்பர் ஒட்டி, உள்பக்கம் தேதி முத்திரை குத்துகிற தாளோடு. பாதிப் புத்தகத்தில் அந்தத் தாள் காலி. பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய புத்தகத்தில் இரண்டே இரண்டு முத்திரை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள். செமஸ்டர் ஆரம்பித்த முதல் இரண்டு வாரத்தில் போனால் பாடப்புத்தகம் கிடைக்கும், இன்டர்னல் தேர்வு நெருங்கியபின் போனால் எல்லாம் வெளியே போயிருக்கும், ரிசர்வ் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ரெஃபரன்ஸ் பிரதி என்று ஒன்று வெளியே தராமல் வைத்திருப்பார்கள், அதை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். அப்புறம் பழைய வினாத்தாள். எங்கள் லைப்ரரியில் அதை பைண்ட் செய்து கவுண்டருக்குப் பின்னால் வைத்திருந்தார்கள், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

கிளப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, வேறு யாராவது சொல்லட்டும்.

---

கேன்டீன்_டீ எழுதியது:

நான் சொல்கிறேன். "கிளப் இல்லாமல் ப்ளேஸ்மெண்ட் இல்லை" என்று சொன்ன அந்த அக்கா எந்த கிளப்பில் பொறுப்பில் இருக்கிறார் என்று விசாரித்துப் பார்.

நான் முதல் வருஷம் ஒரு டெக் கிளப்பில் முந்நூறு ரூபாய் கட்டிச் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். வருஷம் முழுக்க நான் கற்றுக்கொண்ட தொழில்நுட்பம் பிளாஸ்டிக் நாற்காலியை எட்டு எட்டாக அடுக்குவது. சிம்போசியம் என்கிற டெக் விழா வந்தால் ஃபர்ஸ்ட் இயர் பையன்கள் நாற்காலி தூக்க, ஃபர்ஸ்ட் இயர் பெண்கள் புடவை கட்டிக்கொண்டு வாசலில் கல்கண்டும் சந்தனமும் நீட்ட, தேர்ட் இயர் ஆட்கள் கோட்டு போட்டுக்கொண்டு விருந்தினரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழில் "ஆர்கனைசிங் டீம் மெம்பர்" என்று போட்டுக் கொடுத்தார்கள். இன்டர்வியூவில் அதைக் காட்டியபோது "என்ன ஆர்கனைஸ் செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். நாற்காலி என்றா சொல்வது?

இதில் இன்னொரு ஆபத்து அட்டெண்டன்ஸ். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிற கல்லூரி என்றால் 75 சதவீதம் வேண்டும். அதற்குக் கீழே 65 வரை போனால் மருத்துவச் சான்று, விளையாட்டு மாதிரி காரணம் காட்டித்தான் சமாளிக்க வேண்டும், அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. கிளப் வேலைக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்பில் இருந்ததாகக் கணக்கு) தருகிறோம் என்று வாயால் சொல்வார்கள், ஓ.டி. பேப்பரில் துறைத் தலைவர் கையெழுத்து வாங்குவது உன் தலையில் விழும். எனக்கு ஒரு சிம்போசியத்தில் மூன்று நாள் ஓ.டி. இன்றுவரை வரவில்லை. கையெழுத்தான தாளைப் பார்க்காமல் வகுப்பை விட்டு எழுந்திருக்காதே.

சீனியர் என்கிற பெயரில் யாராவது ராத்திரி கூப்பிட்டு வேலை வாங்கினால் அது கிளப் வேலை இல்லை. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997 முதல் இருக்கிறது, வார்டனிடம் சொல்லத் தயங்காதே.

---

பனைவிதை எழுதியது:

மேலே உள்ள நண்பர் சொல்வது டெக் கிளப்புக்குச் சரி. நாற்காலி தூக்குவதை அவ்வளவு மட்டமாகப் பேச வேண்டியதில்லை, நான் இரண்டு வருஷம் என்.எஸ்.எஸ்.ஸில் மண்வெட்டியே தூக்கியிருக்கிறேன்.

தோழி, என்.எஸ்.எஸ். உங்கள் கல்லூரி ஆரம்பித்ததில்லை. காந்தி நூற்றாண்டு வருஷம், 1969 செப்டம்பர் 24-இல் மத்திய அரசு தொடங்கியது. அதனால் சந்தா வசூல், டிஷர்ட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கதையெல்லாம் பெரிதாக இருக்காது. வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் வேலை, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். இரண்டும் முடித்தால் சான்றிதழ்.

முகாம்தான் விஷயமே. நாங்கள் தங்கியது ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில். பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு வகுப்பறைத் தரையில் பாய், தலைமாட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒட்டிய செரிமான மண்டலப் படம். காலையில் ஏரிக்கரையில் பனை விதை ஊன்றுவோம், மதியம் வீடு வீடாகப் போய்க் குடிநீர், கழிப்பறை, பள்ளியை நிறுத்திய பிள்ளைகள் என்று கணக்கெடுப்போம். மூன்றாவது நாள் ராத்திரி ஊர் மக்கள் முன்னால் அந்தக் கணக்கை வாசிக்க வேண்டும், வாசிக்க வேண்டியவளுக்குக் காய்ச்சல், என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். கை நடுங்கியதில் தாளும் மைக்கும் உரசி ஸ்பீக்கரில் கரகர என்று சத்தம். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி "பேப்பர கீழ வச்சிட்டு சும்மா பேசு கண்ணு" என்றார். வைத்துவிட்டுப் பேசினேன். கேம்பஸ் இன்டர்வியூவில் அந்த ஊர்க் கணக்கைப் பற்றித்தான் பதினைந்து நிமிஷம் பேசினேன், என் புராஜெக்டைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை.

என்.சி.சி. உங்கள் கல்லூரியில் இருந்தால் அது தனி ரகம். அதிகாலை பரேட், வெயில், ஷூ பாலிஷ். ராணுவத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் "சி" சான்றிதழுக்கு மதிப்பு அதிகம், அதிகாரி பணிக்கான சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. என்கிற நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். அந்த எண்ணம் இல்லையென்றால் யோசித்துச் சேருங்கள், பாதியில் விட்டால் இரண்டும் கெட்டான்.

---

அட்டவணை_அலமாரி எழுதியது:

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன்மா. உங்கள் கல்லூரி இல்லை, ஆனால் பையோடு வந்து வாசலிலேயே திரும்பிப் போகிற பிள்ளைகளை வருஷாவருஷம் பார்க்கிறேன். கூப்பிட்டுச் சொல்லலாம்தான், கவுண்டரில் கூட்டமாக இருக்கும்போது தலையைத் தூக்கிப் பார்க்க முடிவதில்லை. எங்கள் தப்பும் இருக்கிறது.

நீங்கள் போய்க் கேட்க வேண்டியது முதலில் புக் பேங்க். பல கல்லூரிகளில் உண்டு, செமஸ்டர் முழுக்கப் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம், தேர்வு முடிந்து திருப்பினால் போதும். சாதாரண கார்டில் எடுத்தால் பதினைந்து நாளில் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் அபராதம், இதில் அந்தத் தொல்லை இல்லை. அடுத்து டெல்நெட், நூலகங்களை இணைக்கிற அமைப்பு. உங்கள் கல்லூரி உறுப்பினராக இருந்தால் இங்கே இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். என் சர்வீஸில் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றுகூட அதைக் கேட்டதில்லை.

தமிழ் மீடியம் என்று சொன்னீர்கள். ஐ.ஐ.டி. பம்பாய் தொடங்கிய ஸ்போக்கன் டியூட்டோரியல் என்று ஒன்று இருக்கிறது. லினக்ஸ், சி, பைத்தான் எல்லாம் பத்து நிமிஷ வீடியோக்களாக, தமிழ்க் குரலிலும் கேட்கலாம், காசு கிடையாது. வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கூடவே டைப் செய்ய வேண்டும், சும்மா பார்த்தால் ஒட்டாது. ஐ.ஐ.டி.க்களின் ஆன்லைன் வகுப்பான என்.பி.டி.இ.எல்.லிலும் இலவசமாகச் சேரலாம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். அதை முதல் செமஸ்டரில் எடுக்காதீர்கள். பல வகுப்பு பன்னிரண்டு வாரம், வாராவாரம் அசைன்மெண்ட், முதல் வருஷப் பிள்ளைகள் ஆர்வமாகப் பதிந்துவிட்டு நாலாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் போரடித்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள், பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது. அங்கேயும் பையை வெளியேதான் வைக்க வேண்டும்!

---

கிட்டுன்னா_என்ன எழுதியது:

கோடிங் கிளப் கதையைப் படித்தபோது என் கதை மாதிரியே இருந்தது. எனக்கும் அதே கேள்வி, நான் ஜிமெயில் ஐடியைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். இங்கே நான் வைத்திருக்கும் பெயரைப் பார்த்தாலே தெரியும்.

கிட்ஹப் கணக்கு தொடங்கப் பத்து நிமிஷம் ஆகாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் கிளப், தெரிந்தவர்களை மட்டும் சேர்ப்பதற்கு எதற்குக் கிளப் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. நான் கல்லூரிக்கு வெளியே தேடினேன். கணியம் என்கிற இணையதளத்தில் லினக்ஸ், பைத்தான், மைஎஸ்க்யூஎல் எல்லாம் தமிழில் மின்னூலாக இலவசமாகக் கிடைக்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இணையத்தில் கூடிப் பேசும், தமிழிலேயே. முதல் நாள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன், யாரும் ஐடி கேட்கவில்லை.

இன்னொன்று, எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. கல்லூரியில் அதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், அவர் மூலமாகத்தான் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள், எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு அதனாலேயே மாதக்கணக்கில் பணம் வரவில்லை. கிளப்பை அப்புறம் பார்க்கலாம், நாளைக்கே இதைக் கேள்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், நடுவில் இன்டர்னல்.

ரேக் இருந்தது! வாசலுக்கு இடதுபக்கம், கதவு திறந்தால் அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, அதனால்தான் அன்றைக்குத் தெரியவில்லை. புக் பேங்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த சார் முதலில் "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டுவிட்டு, ஒரு பீரோவைத் திறந்து கணக்கும் இயற்பியலும் எடுத்துக் கொடுத்தார். கணக்குப் புத்தகத்தில் யாரோ ஒரு அக்கா பென்சிலில் ஓரத்தில் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார். ஐகன் வேல்யூவுக்குப் பக்கத்தில் "பயப்படாதே, ஈஸி" என்று எழுதியிருக்கிறது. ஈஸியாக இல்லை.

புதுமைப்பெண் விண்ணப்பம் எனக்கு ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள், ஆனால் என் ரூம்மேட்டுக்குப் போடவில்லை, இப்போது போட்டாயிற்று. ஒன்பது குரூப்பில் ஏழிலிருந்து வெளியே வந்தேன். மிச்சம் என்.எஸ்.எஸ்., தமிழ் மன்றம். தமிழ் மன்றத்தில் இன்னும் யாரும் என்னை நாற்காலி தூக்கச் சொல்லவில்லை, பொங்கல் விழாவுக்குப் பார்க்கலாம். ஸ்போக்கன் டியூட்டோரியல் மூன்று வீடியோ முடித்திருக்கிறேன், லேப்டாப் இல்லாததால் சாயங்காலம் கம்ப்யூட்டர் லேபில் ஐந்தரை வரை உட்கார விடுகிறார்கள்.

ஒரே ஒரு கேள்வி. முகாம் ஏழு நாள் வெளியூரில் தங்க வேண்டும் என்றால் அம்மா விடவே மாட்டார். பனைவிதை அக்கா, நீங்கள் வீட்டில் என்ன சொன்னீர்கள்?

---

பனைவிதை எழுதியது:

நான் ஒன்றும் சொல்லவில்லை, சம்மதக் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்து கட்டாயம், அதை நீட்டினேன், இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. அப்புறம் அப்பா எங்கள் திட்ட அலுவலர் மேடத்துக்குப் போன் செய்து பெண்கள் எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள், கூட யார் இருப்பார்கள் என்று அரை மணி நேரம் கேட்டுவிட்டுக் கையெழுத்து போட்டார். உங்கள் கல்லூரியிலும் பெண் ஆசிரியர் ஒருவர் கூட வருவார். அவர் நம்பரை வாங்கி அம்மாவையே பேச வையுங்கள், நீங்கள் நடுவில் பேசாதீர்கள். போர்வை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், வகுப்பறைத் தரை மார்கழியில் ஐஸ் மாதிரி இருக்கும்.