பட்டனை அழுத்தினால் விசிறி அரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது: பழுது மின்வழங்கியிலா?

கேள்வி (உப்புவெளியிலிருந்து)
வணக்கம். சென்ற வாரம் இடிமழையில் மின்சாரம் போய்ப் போய் வந்த இரவுக்குப் பிறகு எங்கள் மேசைக் கணினி இயங்கவில்லை. பட்டனை அழுத்தியதும் விசிறிகள் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகின்றன. பீப் ஒலியும் இல்லை, திரையும் இருண்டே கிடக்கிறது. மின்வழங்கி (பவர் சப்ளை) எரிந்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். மகளின் உயர்தர வகுப்புக் குறிப்புகள் யாவும் அதற்குள் இருப்பதால், எதையும் மாற்றுவதற்கு முன்னர் பழுது எங்கே என்பதை வீட்டிலேயே கண்டறிய வழியுண்டா? மல்ரிமீற்றர் ஒன்று கைவசம் உள்ளது.

மறுமொழி (பாலையூற்றிலிருந்து)
விசிறி அசைவதே முக்கியமான தடயம். மின்வழங்கி முற்றாகச் செயலிழந்திருந்தால் அந்த அரைச் சுற்றும் கிடைத்திராது. ஏதாவது ஒரு பாகத்தில் ஷோர்ட் (குறுக்குச்சுற்று) இருந்து மின்னோட்டம் அளவுகடந்து பாயும்போது, மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள உடனே நின்றுவிடும். மின்வழங்கியின் உள்ளேயே பழுதிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். ஆகவே பிளக்கைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டு, ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கிராபிக்ஸ் கார்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

மறுமொழி (ஓர்ஸ்ஹில்லிலிருந்து)
அத்துடன் அளந்தும் பாருங்கள். மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் 24 முனை இணைப்பியின் 9ஆம் முனையில், வழக்கமாக ஊதா நிறக் கம்பியில், பட்டனை அழுத்தாமலேயே 5 வோல்ற் இருக்க வேண்டும். கணினி இயங்கத் தொடங்கினால் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் இருப்பது சரியான அளவு. பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்து விசிறி சுற்றுவதைக் கண்டவுடன் மின்வழங்கி நலமென்று பலர் முடிவுசெய்கிறார்கள். அது போதாது, ஏனெனில் சுமையில்லாதபோது, அதாவது பாகங்கள் மின்னை இழுக்காதபோது, சரியாகக் காட்டும் மின்வழங்கி சுமை ஏறியதும் சரிந்துவிடக்கூடும். தயவுசெய்து மின்வழங்கியின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ற் இணைப்பில் உள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவி (கபாசிற்றர்) 320 வோல்ற்றுக்கும் மேல் ஏறி, பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதைத் தேக்கி வைத்திருக்கும்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. ஹார்ட் டிஸ்க்கின் மின்கம்பியைக் கழற்றியதும் கணினி எழுந்தது. துவக்க டிஸ்க் இல்லை என்ற செய்தி திரையில் வருகிறது. மஞ்சளில் 12.1, சிவப்பில் 5.0 காட்டுகிறது. அப்படியானால் குறிப்புகள் அழிந்துவிட்டனவா?

மறுமொழி (பாலையூற்றிலிருந்து)
அவ்வாறு முடிவுசெய்ய வேண்டாம். பல ஹார்ட் டிஸ்க்குகளின் சுற்றுப்பலகையில் 5, 12 வோல்ற் வழிகளில் ஒரு காப்பு டயோட் உண்டு. மின்னழுத்தம் எகிறும்போது அது தானே ஷோர்ட்டாகி மற்றப் பாகங்களைக் காப்பாற்றுகிறது. பழுது அதுவாகவே இருந்தால், அனுபவமுள்ள திருத்துநர் அதை நீக்கித் தரவுகளைப் பிரதியெடுக்கலாம். ஆனால் அந்த எகிறல் மின்வழங்கியின் வழியாகவே வந்திருக்கக்கூடுமாகையால், தரவுகள் உள்ள டிஸ்க்கை அதே மின்வழங்கியில் மீண்டும் பொருத்தாதீர்கள். வேறு நல்ல கணினியில் பிரதியெடுக்கச் சொல்லுங்கள்.