குடியாத்தம் பக்கம் பிள்ளைங்களுக்கு மனநல டாக்டர்: வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. கொஞ்ச நாளா காலையில ஸ்கூல் பையை எடுத்தாலே வயித்து வலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஞாயித்துக்கிழமை வலியே வராது. நடிக்கிறான்னு பாதிப்பேர், மந்திரிச்சுட்டு வான்னு மீதிப்பேர்.

அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குப் போன் பண்ணினோம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசினாங்க. நேர்ல காட்டச் சொல்றாங்க. வேலூர் பாகாயத்துல சி.எம்.சி. மனநல மையத்துல குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்குத் தனிப் பிரிவே இருக்கு. ஆனா அக்கா பீடி சுத்துறவங்க. போய்ட்டு வந்தா அன்னைக்குக் கூலி போச்சு. கவுன்சிலிங் ஒரு தடவையோட முடியறதும் இல்லையே.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு இதுக்காகப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனவங்க இருக்கீங்களா? எந்தக் கிழமை கூட்டம் குறைவு? முதல் தடவைக்கு அப்புறம் போன்லயே பேசுற கவுன்சிலர் யாராவது தெரியுமா?

இன்னொண்ணு. தேசிய மனநல ஆய்வு 2015-16-ல 13-17 வயசுக்காரங்கள்ல 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னைன்னு வந்தது. நாற்பது பேர் இருக்கிற வகுப்புல ரெண்டு மூணு பேர்! அதனால குடியாத்தம் அரசு மருத்துவமனையிலயே வாரம் ஒருநாள் பிள்ளைங்களுக்குன்னு மனநல டாக்டர் வேணும்னு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கப் போறேன். பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் ஆளுங்களும் கையெழுத்துப் போட்டா பலம். மனு எழுதிப் பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க. பொண்ணு பேரு, ஸ்கூல் பேரு மட்டும் கேக்காதீங்க, ப்ளீஸ்.