துப்பாக்கி ரவை நிரப்பிப் பழகியவர்கள் சற்றுச் சொல்லுங்கள்

தம்பலகாமத்து வயலில் பன்றிக்கு யானைவெடி கொளுத்துவதோடு என் வீரம் முடிந்துவிடும். கேள்வி மைத்துனருடையது. அல்பேர்ட்டாவில் பண்ணை வைத்திருக்கிறார். மேய்ச்சல் நிலத்தைத் துளைக்கும் தரையணில்களைச் சுட .223 ரெமிங்டன் என்ற வகைத் துப்பாக்கி ரவைகளைத் தானே நிரப்புகிறார். 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டுகள் 100 யாரில் ஒரு அங்குல வட்டத்துக்குள் விழுகின்றன. 69 கிரெய்ன் வாங்கினார்; குண்டு புரண்டு, அட்டையில் சாவித்துவாரம் போல் நீளமாகக் கிழிக்கிறது. குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகளின் முறுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டை நிலைநிறுத்த அது போதாது என்பது என் வாதம். அவரோ வெடிமருந்தைக் கூட்டிப் பார்க்கிறேன் என்கிறார்! ரவை நிரப்பும் கையேட்டின் உச்ச மருந்தளவைத் தாண்டாதே என்று திருகோணமலையிலிருந்து தொலைபேசியில் கத்தியிருக்கிறேன். 40 கிரெய்னுக்கு இறங்கலாமா, 55 உடனேயே நிற்கலாமா? காற்றில் 40 எவ்வளவு விலகும்? கனடா, அவுஸ்திரேலியாவில் சுட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.