புதுப்பிப்பு: குழல் தேயவில்லை, குற்றவாளி வேறு

200 கஜப் போட்டியில் என் எம்1 காரண்ட் துப்பாக்கியின் குண்டுகள் ஒவ்வொரு வேட்டுக்கும் இலக்கில் இன்னும் கீழே இறங்குகின்றன, குழல் தேய்ந்துவிட்டது என்று சென்ற மாதம் புலம்பியிருந்தேன். அவசரத் தீர்ப்பு.

ரேஞ்சில் ஒரு பெரியவர் பின்பக்கக் குறித்துளையை (கண் வைத்துக் குறிபார்க்கும் துளை) பத்துக் கிளிக், அதாவது திருகுமிழின் பத்துப் படி, ஏற்றச் சொல்லி, அதைக் கட்டைவிரலால் அமுக்கினார். சரசரவென்று இறங்கியது! ஒரு கிளிக் மாறினால் 200 கஜத்தில் குண்டு படும் இடம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் மாறும். ஒவ்வொரு வேட்டின் அதிர்விலும் துளை நழுவியிருக்கிறது. துளையை இடம் வலமாக நகர்த்தும் பக்கவாட்டுத் திருகுமிழின் நடுவிலுள்ள நட்டை இறுக்கியதும் சரியாயிற்று. புதுக் குழலுக்கு விலை விசாரித்த வெட்கத்தை விட்டுவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி சுட்டேன். படுத்துச் சுட்ட பத்தும் இலக்கின் நடுக் கறுப்பு வட்டத்துக்குள். 80 விநாடி வேகச் சுற்றில் முதல் கிளிப்பில் (தோட்டாக்களைக் கொத்தாகப் பிடிக்கும் தகடு) இரண்டு தோட்டா, அடுத்ததில் எட்டு. கிளிப்பை அழுத்திவிட்டுக் கையை எடுக்கத் தாமதித்ததால், பாய்ந்து மூடிய போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) கட்டைவிரல் நசுங்கியது. நகம் இன்னும் நீலம். நின்று சுடும் சுற்றில் வழக்கம்போல் சொதப்பல். மொத்தம் 300 புள்ளிக்கு 251. அதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்ல வழியில்லை.